சாவி இல்லாத புல்லி: வண்டலூர் முதல் மறைமலை நகர் வரை

போன வருஷம் புரட்டாசியில் ஒரு நாள் காலை, விழுப்புரத்திலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினேன். அவருக்குக் கண் ஆபரேஷனுக்கு முன் செய்யும் பரிசோதனை. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விக்கிரவாண்டி டோல் தாண்டும்வரை கார் ஒழுங்காகத்தான் ஓடியது. கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது பிக்கப் செத்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. ஐம்பதிலேயே உருட்டி உருட்டி திண்டிவனம் கொண்டு வந்து சேர்த்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மட்டும், "வண்டிய வித்துடலாம்னா வித்துடு, எனக்காக வெச்சிருக்காத" என்றார்.

வண்டி 2008 மாடல் ஃபோர்டு ஃபியஸ்டா, 1.6 லிட்டர் பெட்ரோல். அப்பா தன் ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய ஒரே ஆடம்பரம் அது. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஐயாயிரம் ரூபாய் கட்டி மறுபதிவும் செய்தாகிவிட்டது. ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். "ஹெட்டு போயிருக்கும் சார், வால்வு மடங்கியிருக்கும், எழுபதாயிரம் ஆகும்" என்று இன்ஜினைத் திறக்காமலே சொன்னார்கள். வண்டியை விற்றால் ஒரு லட்சம் வருமா என்பதே சந்தேகம். கணக்குப் போட்டால் காயலான் கடைதான்.

ஆனால் வால்வு மடங்கவில்லை. திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கும் பெரியவர் (எல்லோருக்கும் அவர் பாய்தான், எனக்கும்) நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார். நாலும் குறைவு, ஆனால் நாலும் ஒரே அளவு. "வால்வு மடங்கினா ஒண்ணு ரெண்டுலதான் கொறையும் தம்பி. நாலும் சேந்து கொறஞ்சா டைமிங் நகந்திருக்கு. இந்த வண்டியில கேம் புல்லிக்கு சாவி கெடையாது, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பிஇ படித்தவன், மெக்கானிக்கல் இல்லை என்றாலும் முதல் வருஷம் பட்டறையில் ஃபைல் தேய்த்தவன். சுழல்கிற தண்டின் மேல் சக்கரம் மாட்டினால் நடுவில் சாவி இருக்கும் என்பது யாருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சாவி எப்போது, ஏன் காணாமல் போனது என்று தேடப் போய்தான் இந்தக் கட்டுரை. தேடலில் பாதி ஜிஎஸ்டி ரோட்டிலேயே கிடைத்துவிட்டது என்பது எனக்கே ஆச்சரியம்.

முதலில் அடிப்படை. இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். வால்வை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைக் கேம்தான் முடிவு செய்கிறது. இரண்டையும் இணைப்பது கியர், செயின், அல்லது பல் வைத்த பெல்ட். கேம் பக்கத்துச் சக்கரத்தை செயின் வண்டியில் ஸ்ப்ராக்கெட் என்பார்கள், பெல்ட் வண்டியில் புல்லி என்பார்கள். ஷெட்டில் இரண்டுமே புல்லிதான். அந்தப் புல்லி கேமின் மேல் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் பக்கத்து மெக்கானிக்குகள் வளர்ந்த உலகத்தில் இந்தக் கோணத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. விழுப்புரம் ஒரு பஸ் ஊர். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்துக்கு அதுதான் தலைமையிடமாக இருந்தது. டிப்போவில் கற்றுக்கொண்டு வெளியே வந்து ஷெட் போட்டவர்கள் அந்த ஊரில் ஏராளம். பஸ், லாரி டீசல் இன்ஜின்களில் டைமிங் பெரும்பாலும் கியர்தான். இந்தக் கியரின் புள்ளியும் அந்தக் கியரின் புள்ளியும் சேர்ந்தால் வேலை முடிந்தது. திருவொற்றியூரில் செய்த புல்லட்டிலும் புள்ளிதான். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் செயின். இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் ஒவ்வொரு குழி மார்க், இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் தண்டின் மேல் நகராதபடி சாவி. "மார்க்குக்கு மார்க் வெச்சா போதும்" என்பதை ஒரு வேத வாக்கியம் மாதிரியே சொல்வார்கள். சாவி இருக்கும்வரை அது உண்மையும்கூட.

அதில் ஒரு குறை உண்டு. கேம் சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் தள்ளினால் கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. அதற்கு இடைப்பட்ட எந்த நிலையும் கிடையாது. சாவிக்குழி வெட்டியதில் ஒரு டிகிரி தவறு, செயின் தேய்ந்ததில் இரண்டு டிகிரி, ஹெட் கேஸ்கெட் கனத்தில் கொஞ்சம் என்று சேர்ந்தால் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பல் மாற்றினால் 18 டிகிரி எகிறும். அப்படியே விட வேண்டியதுதான்.

இந்தக் குறைக்கு ஓர் அழகான பதில் ஜிஎஸ்டி ரோட்டிலேயே தயாரானது. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று ஒரு தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான், பெயர் மட்டும் இங்கே ஸ்டாண்டர்டு. 948 சிசி இன்ஜின், கேம் பக்கவாட்டில் ப்ளாக்குக்குள்ளேயே இருக்கும், செயின் ஓட்டும். எழுபதுகளில் அதன் வாரிசாக கெசல் வந்தது. அந்தக் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அம்பாசடர், ஃபியட்டோடு ஹெரால்டும் ஓடியது. பாய் தன் பதினைந்து வயதில் ஹெரால்டில்தான் கை வைத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஹெரால்டின் கேம் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சாவி இல்லை. இரண்டு போல்ட் போட்டு கேமின் முகத்தில் முடுக்குவது. ஆனால் ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டை நான்கு. பார்த்தால் சும்மா உதிரி ஓட்டை மாதிரி இருக்கும். விஷயம் என்னவென்றால், அந்த ஓட்டைகள் பல்லுக்கு நேராக இல்லை, வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கால் சுற்று திருப்பி அடுத்த ஜோடி ஓட்டையில் மாட்டினால் அரைப் பல் நகரும். அதையே முன்பின்னாகப் புரட்டி மாட்டினால் கால் பல். புரட்டி, கால் சுற்றும் திருப்பினால் முக்கால் பல். ஒரே இரும்பு வட்டு, நாலு ஓட்டை, நாலு நிலை. நம் 40 பல் கணக்கில் 18 டிகிரி படி நாலரை டிகிரி படியாகச் சுருங்குகிறது. எவ்வளவு மோசமாகப் போனாலும் தவறு இரண்டேகால் டிகிரியைத் தாண்டாது. கூடுதல் செலவு இரண்டு ஓட்டை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

சரி, அந்த நாலு நிலையில் எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் பிஸ்டனை டாப்பில் வைத்து, ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடிக்கொண்டும் மற்றொன்று திறந்துகொண்டும் சமமாக நிற்கும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். ஃபில்லர் கேஜை இரண்டு டேப்பட்டிலும் விட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஒரே இறுக்கம் தெரிய வேண்டும். அப்போது கேமை அசைக்காமல், எந்த நிலையில் ஓட்டை நேராக வருகிறதோ அதில் மாட்டுவது. இதைப் பாய் "பேலன்ஸ் பாக்குறது" என்கிறார். கவனியுங்கள், இங்கே மார்க்குக்கு வேலை இல்லை. கேம் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை முதலில் அளந்துவிட்டு, அதற்கு ஏற்றபடி சக்கரத்தை மாட்டுகிறோம். இந்த வரிசைதான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

பந்தய உலகத்துக்கு இது புதிதில்லை. 1948ல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில் இரண்டு கேம், தலைக்கு மேலே. ஒவ்வொரு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் நுண்ணிய பற்கள் வெட்டிய ஒரு தட்டு; அதைக் கழற்றித் திருப்பி மாட்டினால் கேமைத் துளித் துளியாக நகர்த்தலாம். அம்பாசடரின் தாய் இன்ஜினை வைத்திருந்த இங்கிலாந்துக்காரர்கள், நடுவில் வளைந்த சாவி செய்து விற்றார்கள். சாவியின் கீழ்ப்பாதி ஒரு பக்கம், மேல்பாதி இரண்டு மூன்று டிகிரி தள்ளி. சாவியை வைத்துக்கொண்டே சாவியை ஏமாற்றும் வேலை.

பிறகு பெல்ட் வந்தது. ஜெர்மனியின் கிளாஸ் என்ற சின்ன கம்பெனி 1961ல் காட்டிய 1004 மாடல்தான் பல் வைத்த ரப்பர் பெல்ட்டில் கேம் ஓட்டிய முதல் உற்பத்திக் கார். இந்தியாவில் அதை ஊர் ஊருக்குக் கொண்டு போனது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. நம் மெக்கானிக்குகள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். காரணம், பெல்ட் புதிதாக இருந்தாலும் புல்லி நகராமல் பிடிபட்டே இருந்தது. மார்க்குக்கு மார்க் என்ற விதி அங்கேயும் செல்லுபடியானது.

இப்போது வண்டலூரிலிருந்து அதே ரோட்டில் இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போல தெற்கே வாருங்கள். மறைமலை நகர். 1999ல் ஃபோர்டு ஐகான் இங்கிருந்துதான் வந்தது, 2005 நவம்பரில் ஃபியஸ்டா. அதன் 1.6 லிட்டர், பதினாறு வால்வு, 101 குதிரைத்திறன் இன்ஜின் அன்றைக்கு அந்த விலைக்குச் சுறுசுறுப்பான சமாச்சாரம். ஜிஎஸ்டி ரோட்டில் இன்னோவாக்களை முந்திய சந்தோஷம் எனக்கும் உண்டு, அப்பாவுக்குத் தெரியாமல். இந்த இன்ஜின் குடும்பத்தின் பெயர் சிக்மா. யமஹாவோடு சேர்ந்து உருவாக்கி, 1995ல் ஐரோப்பிய ஃபியஸ்டாவில் 1.25 லிட்டராக முதலில் வந்தது. தொண்ணூறுகளிலிருந்து பல கம்பெனிகள் பிடித்துக்கொண்ட வழக்கம் இதிலும் உண்டு: கேம் புல்லிக்குச் சாவியும் இல்லை, பின்னும் இல்லை, ஓட்டை விளையாட்டும் இல்லை. கீழே கிராங்க் முனையிலும் அப்படியே. நடுவில் ஒரு போல்ட். அதன் அழுத்தம் உண்டாக்கும் உராய்வு. அவ்வளவுதான் பிடிப்பு.

கேட்டதும் எனக்கு இது மிச்சம் பிடிக்கும் வேலை என்றுதான் தோன்றியது. யோசித்தால் தலைகீழ். மேலே சொன்ன எல்லாத் தவறுகளையும், சாவிக்குழி, கேஸ்கெட் கனம், பெல்ட் இழுவை, புல்லி வார்ப்பு எல்லாவற்றையும் ஒரே அடியில் பூஜ்யமாக்குகிற வழி அது. கேமின் பின்முனையில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தகட்டை இரண்டு கேமின் காடியிலும் படுக்க வைத்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். கிராங்கை டாப்பில் நிறுத்த ப்ளாக்கில் ஒரு பின். மூன்று தண்டும் தத்தம் சரியான கோணத்தில் நின்றுவிட்டன. புல்லிகள் மட்டும் சுதந்திரமாகச் சுற்றும். பெல்ட்டை மாட்டி, இழுவை வைத்து, புல்லி எங்கே வந்து நிற்கிறதோ அங்கேயே போல்ட்டை முடுக்கு. ஹெரால்டு நாலரை டிகிரி படியில் செய்ததை இது படியே இல்லாமல் செய்கிறது. 2005ல் பெரிய நகரங்களுக்கு பிஎஸ் 3 புகை விதி வந்த காலம். இரண்டு டிகிரி தவறும் புகையில் தெரியும்.

பிடிப்பு போதுமா என்று கணக்குப் போட்டேன். ஒரு எம்10 போல்ட்டை 60 நியூட்டன் மீட்டர் முடுக்கினால் சுமார் 30,000 நியூட்டன் அழுத்தம், அதாவது மூன்று டன் எடையை அந்தச் சின்ன முகத்தில் வைத்த மாதிரி. காய்ந்த இரும்புக்கு உராய்வு எண் 0.15 என்றும், முகத்தின் சராசரி ஆரம் 12 மில்லிமீட்டர் என்றும் வைத்தால் 54 நியூட்டன் மீட்டர் தாங்கும். முகத்தில் எண்ணெய் பட்டால் உராய்வு எண் 0.1, சில நேரம் அதற்கும் கீழே. தாங்குவது 36 ஆகிவிடும். போல்ட்டைக் கைப்பழக்கத்தில் 40 மட்டும் முடுக்கியிருந்தால் 24. வால்வு ஸ்பிரிங் ஒவ்வொரு சுற்றிலும் கேமை முன்னும் பின்னும் உதைக்கிறது. ஒவ்வொரு உதைக்கும் ஒரு முடி அளவு நகர்ந்தால் போதும். இந்த ஆபத்து வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததில்லை. ஃபோர்டும் மஸ்டாவும் பகிர்ந்துகொண்ட பெரிய 2 லிட்டர் இன்ஜினில் (நம் ஊரில் மாண்டியோவில் வந்தது) கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு நடுவில் வைரத்தூள் பூசிய மெல்லிய வாஷர் வைத்தார்கள். வைரத் துகள் இரண்டு பக்க இரும்பிலும் கடித்துக்கொள்ளும்.

இனி என் பங்கு. கூட்டேரிப்பட்டுக்கு இரண்டு மாதம் முன், விழுப்புரத்தில் ஒரு ஷெட்டில் டைமிங் பெல்ட் மாற்றினோம். கேம் ஆயில் சீல் கசிந்திருந்தது. சீல் மாற்ற புல்லியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மெக்கானிக் தயங்கினார். "கம்பெனி டூல் வேணும் சார் இதுக்கு" என்று சொன்னார். நான் பையிலிருந்து வைட்னரை எடுத்தேன். புல்லியிலும் பெல்ட்டிலும் அழகாகக் கோடு போட்டேன். "மார்க்குக்கு மார்க் வெச்சா போதும்ணே" என்று இருபது வருஷம் கோடு எழுதியவனின் தைரியத்தோடு சொன்னேன். புல்லிக்கும் பெல்ட்டுக்கும் இருக்கிற உறவைக் குறித்தேன். புல்லிக்கும் கேமுக்கும் இருக்கிற உறவு ஒன்று உண்டு என்பதே என் மண்டையில் இல்லை. கசிந்த எண்ணெய் முகத்தில் அப்படியே இருந்தது. போல்ட்டைக் கை அளவில் முடுக்கினோம். அது இரண்டு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

பாய் பிரித்தபோது இன்டேக் புல்லியின் உள்முகத்தில் ஒரு வளையம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. தேய்ந்து சுற்றிய தடம். தகடு காடிக்குள் போகவில்லை. எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று என் போனின் கோணமானியை வைத்துப் பார்த்தேன்: ஏறக்குறைய 6 டிகிரி. கிராங்க் கணக்கில் 12. இன்டேக் வால்வு தாமதமாக மூடியதால் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே மாதிரி இறங்கியிருக்கிறது. கவனிக்காமல் விட்டு இன்னும் வெகுவாக நகர்ந்துகொண்டே போயிருந்தால் பிஸ்டன் வால்வைத் தொட்டிருக்கும், எழுபதாயிரம் உண்மையாகியிருக்கும்.

தகடு எங்கே கிடைக்கும் என்று நான் ஆன்லைனில் தேடிக்கொண்டிருந்தபோது, பாய் பையனை லேத்துக்கு அனுப்பி ஒரு துண்டு ஃப்ளாட் வாங்கி வரச் சொன்னார். 5 மில்லிமீட்டருக்கு மேல் கொஞ்சம் இருந்தது. வெர்னியர் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தேய்த்தோம். பட்டறை மார்க் நாற்பதுக்கு இருபத்தெட்டு வாங்கிய கை என்னுடையது. அதைப் பாயிடம் சொல்லவில்லை. டாப் பின்னும் அதே லேத்தில் கடைந்தது. டார்க் ரென்ச் பக்கத்து டிராக்டர் ஷோரூமில் வேலை செய்யும் ஒருவரிடம் இரவல். புது சீல் போட்டு, கேமின் முகத்தையும் புல்லியின் முகத்தையும் பெட்ரோலில் துடைத்து, பளபளத்த வளையத்தை நைஸ் உப்புத்தாளால் லேசாக மங்க வைத்து, காய விட்டார்.

முடுக்கும்போது ஒன்று செய்தார், அதை நான் எந்த வீடியோவிலும் கவனித்திருக்கவில்லை. தகடு காடியில் இருக்கிறதே என்று அதன் பலத்தில் போல்ட்டை முடுக்கக் கூடாது. கேம் முறுக்கும், காடி விரியும். புல்லியின் ஓட்டைகளில் மாட்டும் ஒரு கவட்டை செய்து, அதைப் பையன் பிடித்துக்கொள்ள, அவர் முடுக்கினார். டார்க் ரென்ச் க்ளிக் என்றதும் நிறுத்தினார். பின்னைக் கழற்றி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி பின்னைப் போட்டு, தகட்டை விட்டுப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி மாதிரி போனது.

"எங்க கத்துக்கிட்டீங்க பாய் இத?"

"ஹெரால்டுலதான். அதுல பேலன்ஸ் பாத்து நாலு ஓட்டையில ஒண்ண எடுப்போம். இதுல ஓட்டையே இல்ல, அவ்ளோதான். மொதல்ல கேமு, அப்பறந்தான் புல்லி."

மாருதியில் கற்றுக்கொண்டு வந்தவர்களுக்கு இந்த வரிசை தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் கையில் வந்த எந்த வண்டியும் அதைக் கேட்கவில்லை. ஹெரால்டு காலத்து ஆட்களுக்கு அது தெரியும், ஆனால் அவர்களில் பலர் இப்போது ஷெட்டில் இல்லை. நடுவில் இருந்தது கம்பெனி பயிற்சியும் கம்பெனி டூலும். மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், 2022ல் கடைசிக் கார் வெளியே வந்தது. வண்டிகள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, வாரண்டி முடிந்து, கை மாறி, ஊர் ஊராக.

மொத்தச் செலவு பெல்ட், சீல் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். அப்பாவுக்கு ஆபரேஷன் ஐப்பசியில் முடிந்தது. திரும்பி வரும்போது அதே வண்டிதான், கூட்டேரிப்பட்டு தாண்டும்போது ஸ்பீடாமீட்டரைப் பார்த்துவிட்டு, "மெதுவா போ" என்றார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தும் எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

தகடு பாய் ஷெட்டிலேயே ஆணியில் தொங்குகிறது. பொங்கலுக்குள் இரண்டு ஃபியஸ்டாவும் ஒரு ஃபியூஷனும் அதில் பூட்டப்பட்டதாகச் சொன்னார். விழுப்புரத்து மெக்கானிக்கும் வந்து அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பின்னைத்தான் யாரோ சென்டர் பஞ்ச் என்று நினைத்து எடுத்துப்போய்விட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் இன்னொன்று கடைய வேண்டும்.